சிராங்கூன் ரோட்டில் நான் நிற்காத கதை

பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கூப்பிடுகிறவர் பெரிய துரையாகவே இருந்தாலும் என் முகம் வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு முன்னால் வரவேண்டும். இதைத் திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. (கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் கொடுத்தவர்களும் உண்டு.) உண்மையில் இது பயம். சைக்கிளில் வேகமாகப் போனதற்காகச் சிங்கப்பூர் போலீஸ் என்மேல் வழக்குப் போட்ட நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பயம்.

அப்போது நான் ஜொகூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். எங்கள் கரை சுல்தான் ராஜ்ஜியம், எதிர்க்கரையான சிங்கப்பூர் வெள்ளைக்காரன் ராஜ்ஜியம். நடுவில் பாலமெல்லாம் கிடையாது, நீராவிப் படகுதான். அக்கரையில்தான் காமாட்சி இருந்தாள். அவளுடைய அப்பா போலீஸ் கோர்ட்டில் துபாஷி. துரை சொல்வதைத் தமிழிலும் நம் ஆட்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. அவருக்கு என்னைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அவருடைய அண்ணன் வைத்ததே சட்டம். பெரிய மாமாவுக்கு எப்போதும் தொண்டை கட்டிய மாதிரி ஒரு குரல். அந்தக் குரல் "நில்லு" என்றால் அந்த வீட்டில் நடப்பவர் நிற்பார், நிற்பவர் உட்காரமாட்டார். நான் பெண் பார்க்கப் போனபோது வாசற்படியிலேயே "நில்லு" என்றார்.

"துணி மடிக்கிறவனுக்கு எங்க வீட்டுப் பொண்ணா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது."

சொல்லிக் கொஞ்ச நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தி வந்ததும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று அந்த வருத்தத்தை இன்னும் கொஞ்சம் சரிசெய்துகொண்டேன்.

முதலாளி அன்று ஒரு பொழுதுக்குத்தான் லீவு கொடுத்தார். படகு ஏறி, ரயில் ஏறி, டோபி காட் என்ற வண்ணார் பேட்டையில் சலவைக்கடை வைத்திருந்த சிநேகிதரிடம் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல பெயர் எடுக்கவேண்டுமே, எல்லோரும் குதிரை வண்டிகளில் கிளம்பிய பிறகும் நின்று கடைசிப் பிடி மண்வரை நானே தள்ளினேன். வேலை முடிந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. காரியம் செய்துவைத்த பண்டாரம் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, தனியாப் போறீங்க. யாரு கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. தெரிஞ்ச குரலா இருந்தா இன்னும் வேகமாப் போங்க."

இப்படிச் சொல்லி அனுப்பினால் மனிதன் எப்படிச் சைக்கிள் ஓட்டுவான்?

சிராங்கூன் ரோட்டில் ஒரு ஈ, காக்கை இல்லை. இரண்டு பக்கமும் மூங்கில். காற்று கொஞ்சமும் இல்லை, ஆனால் மூங்கில் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. சதுப்பு நிலத்திலிருந்து பனி எழும்பியது. சுண்ணாம்புச் சூளைப் புகையும் அதோடு சேர்ந்து, ரோடு முழுக்க வெள்ளை வேட்டி விரித்த மாதிரி கிடந்தது. என் சக்கரச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. விளக்கு கொண்டுவராத புத்திசாலித்தனத்தை நொந்துகொண்டே மிதித்தேன்.

"நில்லு."

அது உரத்த குரல் இல்லை. என் தோளுக்குப் பின்னால், தொண்டை கட்டிய அதே குரல்.

நான் திரும்பவில்லை. மிதித்தேன். மறுபடியும் இன்னும் கிட்டத்தில், "நில்லுன்னா நில்லு" என்றது. மூச்சு பிடரியில் பட்டது என்றே சொல்வேன். அதற்குப் பிறகு நான் போன வேகத்தில் அந்த ஊரில் எந்தக் குதிரையும் போயிருக்காது. கண்ணை வேறு மூடிக்கொண்டேன். (பார்க்கவே கூடாது என்றால் பக்கவாட்டில் மட்டும் எதற்குப் பார்க்கவேண்டும்?) எருமைக் கொட்டில் பக்கம் ரோடு திரும்பியது, நான் திரும்பவில்லை. எருமைகள் படுத்திருந்த குட்டைக்குள் சைக்கிளோடு போய் விழுந்தேன்.

யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"பெரிய மாமா, எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றேன், திரும்பாமலே.

கை இழுத்தது, நான் திரும்ப மறுத்தேன். கடைசியில் அந்த உருவமே சேற்றில் இறங்கி முன்னால் வந்தது. தலைப்பாகை, தாடி, கழுத்தில் விசில். பஞ்சாபிப் போலீஸ்காரர். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருடைய சட்டையும் எருமை நிறமானது, வழக்குக்கு உதவவில்லை.

கண்மூடித்தனமான வேகம், விளக்கில்லை, நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று காகிதம் கொடுத்தார்கள். எங்கள் ஜொகூரில் சைக்கிள் வேகமாகப் போனால் கைதட்டுவார்கள். அது குற்றம் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

கடை ஆட்கள் ஒரே குரலில் யோசனை சொன்னார்கள்: இது வேறு ராஜ்ஜியம், படகு தாண்டி உன்னைத் தேடி எவனும் வரமாட்டான், அந்தக் கரையில் இனிமேல் கால் வைக்காதே. நல்ல யோசனைதான். ஆனால் காமாட்சி அந்தக் கரையில் இருந்தாள். அதைவிட மோசம், கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடப்போவது அவளுடைய அப்பா. கூப்பிட்டு நான் வராவிட்டால் அந்த வீட்டுப் பக்கம் எந்த முகத்தோடு போவது? போனேன்.

துபாஷி மாமா என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏன் நிற்கவில்லை என்று துரை கேட்டார். கோர்ட்டில் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"பேய்னு நெனச்சேன்."

மாமா அதை இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரோட பேய்னு தொரை கேக்குறாரு."

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் இதோடு சரி.

"உங்க அண்ணன், மாமா. அவரு குரல்லதான் நில்லுன்னு கேட்டுச்சு."

சத்தியம் செய்த துபாஷி, ஒரு சொல்லையும் விழுங்க முடியாது. அப்படியே சொன்னார். என் இங்கிலீஷுக்கு "மை பிரதர்" மட்டும் எட்டியது. கோர்ட்டு சிரித்தது. துரையும் சிரித்துவிட்டு, போலீஸ்காரரை மறுபடி கூப்பிட்டு, நீ எப்படிக் கூப்பிட்டாய் என்று கேட்டார். அவர் நீளமாக ஏதோ சொன்னார். அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

"விசில் மட்டும்தான் ஊதுனாராம். வாயே தெறக்கலையாம். தமிழும் தெரியாதாம்."

நான் விசில் சத்தம் எதையும் கேட்கவில்லை.

அபராதம் போட்டு, ஒரு விளக்கு வாங்கச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே மரத்தடியில் மாமா என் எதிரில் வந்து நின்றார்.

"அண்ணன் குரல்தானா?"

"ஆமா மாமா. நில்லுன்னா நில்லுன்னாரு."

"நீ நிக்கல."

"நிக்கல."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொறந்ததுலேருந்து அந்தக் குரல் நில்லுன்னா நின்னுட்டேன். நான் மட்டுமில்ல, வீடே நின்னுச்சு. நிக்காமப் போனவன் நீ ஒருத்தன்தான்" என்றார். பிறகு, "ஆவணியில முகூர்த்தம் பாக்கலாம்."

குட்டையில் நான் கல்யாணமே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்காத குறையாகச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. காமாட்சியிடம் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னேன். அது தப்பு. இன்றைக்கும் நான் பந்தியில் பாதியில் எழுந்தால் பிள்ளைகள் கோரஸாக "நில்லு" என்பார்கள், மருமகள்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். கடைத்தெருவுக்குப் போனால் காமாட்சிக்கு அதுதான் விளையாட்டு. பின்னால் தங்கிக்கொண்டு, தொண்டை கட்டிய மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, "நில்லு" என்பாள். நான் திரும்பாமல் நடையை எட்டிப்போடுவேன், அவள் சிரித்துக்கொண்டே ஓடிவருவாள்.

அவள்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சில சாயங்காலங்களில் அந்தக் குரல் கேட்கும்போது, காமாட்சி எனக்கு முன்னால் நடந்துகொண்டிருப்பாள்.