ஆறு வருடம் நிறையாத கோப்பு

பத்திரம் பண்ணுகிறவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. பேனா மூடியும் பழைய கயிறும் சேர்த்து வைக்கிறவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் பரமசாதுக்கள். அடுத்தவர் செய்த தப்பைத் தேதி போட்டு, பக்க எண் போட்டு, நூல் கோத்து, பூச்சி அரிக்காமல் உருண்டை வைத்துக் காப்பாற்றுகிறவரைச் சொல்கிறேன். அந்த இனத்தில் அசல் ஆளைப் பார்க்க வேண்டுமா? எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். நிர்வாகக் கட்டிடத்தில், படிக்கட்டுக்கு அடியில், மாணவர் ஒழுங்குப் பதிவறை. எதிர் அறையில் இருபது வருடமாகச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்துகிறவன் நான்.

அந்தப் பதிவறைக்காரர் கெட்ட மனிதரா? சேச்சே. வந்தவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சே. ஆனால் ஆட்களை அவருக்குப் பெயரால் தெரியாது, குற்றத்தால் தெரியும். தெருவில் நடந்தால், "அதோ போறாரே பெரிய டாக்டர், நூலகப் புத்தகத்துல ஏழு பக்கம் கிழிச்சவர்" என்பார். சொந்த மருமகனையே முதல் நாள் அப்படித்தான் அடையாளம் கண்டார்: மூன்றாம் வருடம், வகுப்பறை நாற்காலி, கால் உடைப்பு. கல்யாணம் நடந்தது. கோப்பும் இருக்கிறது.

விதி தெளிவானது. சிறு குற்றமென்றால், கடைசி நடவடிக்கையிலிருந்து ஆறு வருடம் கழித்துக் கோப்பை அழித்துவிட வேண்டும். ஆறு வருடம் ஆகிவிட்டதா என்று யார் பார்ப்பது? அவர்தான். வருடா வருடம் ஒவ்வொரு கோப்பாக எடுத்து, தூசி தட்டி, பிரித்துப் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக உள்ளே "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார். அப்படியானால் கடைசி நடவடிக்கை எது? அந்தக் கையெழுத்து. அதிலிருந்து ஆறு வருடம். எனக்கு இது புரியவே மூன்று வருடம் ஆயிற்று. காகிதம் அரைக்கும் இயந்திரம் மூலையில் ஒன்பது வருடமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். வயது முப்பத்தாறு. அரசுப் பரிசோதனைக்கூட வேலைக்கான தேர்வில் முதலிடம், நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும் பாக்கி. வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. இதை விட்டால் அடுத்தது கிடையாது. பதினேழு வருடத்துக்கு முன் விடுதி அறையில் மின்கெண்டியில் முட்டை அவித்து, மாடி முழுக்க ஃபியூஸ் போனதற்கு ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தாள்.

"அந்தக் கோப்பை இந்நேரம் அழிச்சிருக்கணுமே சார்?"

"அழிக்கத்தாம்மா வச்சிருக்கேன். வருஷம் தவறாம எடுத்துப் பாக்குறேன். ஆறு வருஷம் ஆக மாட்டேங்குது."

"நீங்க வருஷா வருஷம் எழுதினா எப்படி சார் ஆகும்?"

"எழுதாம எப்படிம்மா பாக்குறது?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அழிக்கச் சொல்லி ஒரு மனு கொடுத்துடுங்களேன்" என்றேன். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கினார், பக்க எண் இருபத்து மூன்று என்று போட்டார், கோப்பில் கோத்தார், தேதியிட்டார்.

"இப்ப சார்?"

"இன்னையிலேருந்து ஆறு வருஷம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முட்டை அவிச்சதுங்க! கிழிச்சுப் போடுங்க!"

"நான் கிழிச்ச பிறகு யாராவது கேட்டா?"

"யார் கேப்பாங்க?"

"கேட்டா?"

சான்றிதழை முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தார். ஒழுங்குப் பதிவு: உண்டு. குற்றத்தின் தன்மை: மின்சாரம், வெப்பம் தொடர்பானது. கடைசி நடவடிக்கை: அன்றைய தேதி. ஒரு வார்த்தை பொய் கிடையாது.

தேர்வுக் குழு படித்தது. முப்பத்தாறு வயதிலும் மின்சாரத்தோடும் வெப்பத்தோடும் விளையாடி, போன வாரம்கூட நடவடிக்கைக்கு ஆளானவளை, எரிவாயு உருளைகள் அடுக்கிய கூடத்துக்குள் யார் விடுவார்கள்? அவளைக் கூப்பிட்டுக் கேட்கக்கூட இல்லை. இரண்டாம் இடத்துக்காரருக்கு வேலை போயிற்று.

அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். திட்டவில்லை. "நான் அன்னைக்குப் பட்டினியா படுத்திருக்கணும்" என்றாள், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. மனு யோசனை என்னுடையது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

அவரிடம் சொன்னேன். பாவம், நிஜமாகவே கண் கலங்கிவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், அந்தக் கோப்பை எடுத்து, "மனுதாரருக்கு வேலை கிடைக்கவில்லை எனத் தெரியவருகிறது" என்று எழுதித் தேதியிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் அறை இல்லைதான். ஆனால் மைத்துனர் என்றைக்கோ நாலு பேர் முன்னால் உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாரே? மனைவி உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னாளே? "அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறீர்கள். நிஜமாகவே மறந்துவிட்டோமா என்று அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும் உண்டு, இல்லையா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இந்த நிமிடம்தானே? தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.