மகஜரும் ஜங்ஷன் கடிகாரமும்

காவேரியின் இரு கரையிலும் அவருக்குக் கையெழுத்துப் போடாமல் தப்பியவர்கள் இருவரே: மலைக்கோட்டைப் பிள்ளையார், ஸ்ரீரங்கத்துப் பெருமாள். ஊருக்காக ஓயாமல் மனு எழுதியதால் அவர் பெயரே ‘மகஜர்’ ஆகிவிட்டது. ஜங்ஷன் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்துகிறது, வண்டிகளும் அதைப் பார்த்தே கிளம்புகின்றன என்று ரயில்வேக்கு ஒரு மகஜர். குழாயில் தவளை வருகிறது என்று முனிசிபாலிடிக்கு ஒன்று. சாட்சிக்குத் தவளையும் இணைப்பு. எதற்கும் பதில் வந்ததில்லை. தவளை மட்டும் திரும்பி வந்தது.

யுத்தத்துக்கு முந்திய வருஷம், ஒரு திங்கட்கிழமை, மணப்பாறையிலிருந்து செல்லாயி வந்தாள். மலாயா ரப்பர் தோட்டத்தில் அவள் தம்பி, தன்னை அடித்த கங்காணியைத் திருப்பி அடித்தான், கங்காணி செத்துப்போனான். தம்பிக்குத் தூக்கு. அந்த ஊர் கவர்னருக்குக் கருணை மனுப் போகலாம். புதன் மாலை ரயிலில் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினால்தான் நேரத்துக்குச் சேரும்.

“கவலப்படாதீங்கம்மா, ஊரே கையெழுத்துப் போடும்” என்றார் மகஜர்.

போட்டது. செவ்வாய் மாலைக்குள் முந்நூறு பேர். முதல் வரி மட்டும் காலி. “முதல் பேரு பெரிய மனுஷனா இருந்தாத்தான் சார், துரை மிச்சத்தைப் படிப்பான்” என்றார், கூடவே காகிதக் கட்டைச் சுமந்து அலைந்த என்னிடம்.

ராவ்பகதூர் ஒருவர் பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டார்: “ஸ்ரீரங்கத்துக்காரர் எனக்குக் கீழதானே போடறார்?”

ஸ்ரீரங்கத்துப் பெரியவர் காகிதத்தைத் தொடவே இல்லை. “கோயில்ல முதல் தீர்த்தம் நமக்கு. காகிதத்துல மட்டும் ரெண்டாவதா, ஓய்?”

இருவருக்கும் நடுவே காவேரிப் பாலத்தை நான்கு முறை கடந்தபின் மகஜர் பெரிய வட்டம் ஒன்று போட்டார். “சுத்திப் போடுங்க. வட்டத்துல ஏதுங்க முதலு?”

ராவ்பகதூர் யோசித்தார். “உச்சியில யாரு?”

கடைசியில் இரண்டு பிரதி, ஆளுக்கொரு முதல் வரி என்று முடிவாயிற்று. என் எழுத்து அழகு என்பதால் நகல் எடுக்கும் வேலை எனக்கு. புதன் மதியம் ஒரு சொட்டு மசி சிந்தியது. கவர்னருக்குக் கறையோடு அனுப்புவதா என்று கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

இருவரும் கையெழுத்திட்டார்கள். ஜங்ஷனுக்கு ஓடினோம். வண்டி போய் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தோம். கடிகாரம் சரியான நேரம் காட்டியது. மகஜரின் மனுவை யாரோ படித்திருக்கிறார்கள்.

அடுத்த கப்பலில் போன மனுவுக்கு, அவர் வாழ்நாளிலேயே முதல் முறையாக, பதில் வந்தது. தண்டனை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டுவிட்டதாம்.

செல்லாயி அழவில்லை. “முதல் வரிக்கு ஆள் கிடைக்கலன்னு அலைஞ்சீங்களாமே. என்னை ஒரு வார்த்தை கேக்கலியே ஐயா. ரேகை வச்சிருப்பேனே.”

அதன்பின் அவர் எழுதிய மகஜர்களில் முதல் வரி, குறை யாருடையதோ அவருக்குத்தான். கடிகாரம் மறுபடி பிந்தத் தொடங்கியது. அதைப் பற்றி மட்டும் அவர் எழுதவே இல்லை.

அவர் காலமாகி ஆறு வருஷம். எதிலும் கணக்காக இருப்பவன் என்று பெயரெடுத்த நான், என் கைக்கடிகாரத்தை மூன்று நிமிடம் பிந்தியே வைத்திருக்கிறேன்.