நாட்டுக் கணக்கில் ஓர் ஆள் கூடுதல்

அன்பு மைத்துனனுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. உன் வீட்டில் எல்லாரும் நலம்தானே? முழங்கால்கள் நீங்கலாக நானும் நலம்.

நிற்க. நான் அரசாங்கத்திடம் பொய் சொல்லிவிட்டேன். நீதான் காப்பாற்ற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுக்கிறார்களாம். “வீட்ல எத்தனை பேரு சார்?” என்றாள். “ரெண்டு பேரு” என்று நாற்பத்தொரு வருடப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. உன் அக்கா போய் ஐந்து மாதமாகிறது என்று திருத்துவதற்குள், “சாரும் அம்மாவுமா? அம்மாவுக்கு உடம்பு எப்படி?” என்று கேட்டுவிட்டாள். இந்த ஐந்து மாதமாக, நீ உட்பட, யாரும் என்னிடம் அவள் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் நான் உடைந்துபோவேனாம். இவள் கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. வருடத்தில் எத்தனை தடவை ஆஸ்பத்திரி? பத்தொன்பது. எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? ஒரு தடவை எங்கள் டோக்கன் வருவதற்குள் உன் அக்கா ஸ்வெட்டருக்கு ஒரு கையே பின்னி முடித்துவிட்டாள். டாக்டர் புரியும்படி விளக்கினாரா? விளக்கினார், கம்ப்யூட்டருக்கு. நர்சுக்கு ஐந்துக்கு எத்தனை மார்க்? ஏழு என்றேன். கடைசி நாளில் உன் அக்காவுக்குத் தலை வாரிவிட்டவள் அவள். “அஞ்சுக்கு மேல போகாது சார்” என்று அந்தப் பெண் வருத்தப்பட்டாள்.

அப்புறம்தான் வந்தது வினை. “ரெண்டு கேள்விக்கு அம்மாவேதான் பதில் சொல்லணும். கூப்பிடுங்களேன்” என்றாள். குளிக்கிறாள் என்றேன். “பரவால்ல, இருக்கேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இருபது நிமிடம் இரண்டு பேரும் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் கொஞ்ச நேரம் நானும் நிஜமாகவே காத்திருந்தேன், வெளியே சொல்லாதே. கடைசியில், “அவ வர நேரமாகும்மா” என்றேன். அவளும் கிளம்பிவிட்டாள்.

என்னால் நாட்டுக் கணக்கே தப்பாகிவிடும். நீ ஆபீஸ்காரன், மனு எழுதத் தெரிந்தவன். கிழவன் உளறிவிட்டான், ஒரு பெயரை அடித்துவிடுங்கள் என்று உடனே எழுதிப் போடு. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மனு வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கணக்கெடுப்பு ஆபீசிலிருந்து சரிபார்க்கப் போன் வந்தது. உண்மையைச் சொல்லிவிடத்தான் எடுத்தேன். “வீட்ல ரெண்டு பேர்னு இருக்கு, சரிதானே சார்? அம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்றார் ஒருவர். “இப்ப வலி எதுவும் இல்லைங்க” என்றேன். குறித்துக்கொண்டார்.