தனசீலனின் ஹோம் தியேட்டர்

"படம் வந்துட்டு பாத்தியா," என்றார் தனசீலன்.

வந்தது உண்மைதான். பழைய லேப்டாப்பின் திரையில் இருந்த மலையும் ஏரியும் வயர் வழியாக ஏறி டிவிக்கு வந்திருந்தன. வந்த களைப்பில் ஒருக்களித்துப் படுத்திருந்தன.

"ஏரித் தண்ணி பூரா ஒரு பக்கமா ஒழுவிரும் போலிருக்கு," என்றாள் லூர்தம்மாள்.

"செட்டிங்ஸ்ல ஏதோ பட்டன் தட்டிட்டு. ஒரு நிமிசம்."

இந்த ஒரு நிமிடம் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. பத்தரைக்கு வள்ளியூர்ப் பக்கத்தில் லூர்தம்மாளின் தம்பி பிரைட்டன் மகளுக்குக் கல்யாணம். அவள் அங்கே இல்லாமல் ஒன்றரை நாள் ரயில் தூரத்துச் சுனாபட்டியில், மூன்றாவது மாடியில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததற்கு முழுக்காரணம் தனசீலன்தான். டிக்கெட் எடுங்க எடுங்க என்று அவள் சொன்னபோதெல்லாம் எடுத்துருவோம் எடுத்துருவோம் என்றார். எடுத்தார். வெயிட்டிங் லிஸ்ட். அது கடைசிவரை நகரவில்லை.

அதற்குப் பரிகாரமாகத்தான் இந்த ஹோம் தியேட்டர். குர்லாவில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி கழித்துப்போட்ட லேப்டாப், வீட்டில் இருந்த பழைய டிவி, ஒரு வயர். "கல்யாணத்துல முன் வரிசைல உக்காந்தாக்கூட இப்படித் தெரியாது," என்று மாடிமாடியாகச் சொல்லி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஜெபசெல்வியும் கீழ் வீட்டு சந்திரலேகாவும் அதை நம்பி வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

லூர்தம்மாளுக்குக் கல்யாணத்தில் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் குடும்பத்தில் கோவில் வாசலில் வைத்துப் பெண்ணுக்கு அத்தைதான் மாலை போடவேண்டும். அவளுக்கு அவள் அத்தை போட்டாள். பிரைட்டன் போனில் சத்தியம் செய்திருந்தான்: "நீ வராட்டா உன் எடத்துல வேற யாரும் நிக்கமாட்டாங்க அக்கா. பொண்ணே போட்டுக்கிடும்." அந்தச் சத்தியம் நிற்கிறதா என்று பார்க்கத்தான் பட்டுச்சேலை.

"டாடி, என் போன்லயே பாத்துக்கலாம். க்யோன் டென்ஷன் லே ரஹே ஹோ? எதுக்கு டென்ஷன்?" என்றாள் மகள் ஜெஸி.

"உள்ளங்கையில பாக்கதுக்கா ஆளுகளக் கூப்பிட்டிருக்கோம்?"

பட்டன் பிடிபடவில்லை. ஆகவே தனசீலன் டிவியையே கழற்றி, படம் எந்தப் பக்கம் படுத்திருந்ததோ அதற்கு எதிர்ப்பக்கமாகப் படுக்கவைத்து, அரிசி டின்னை முட்டுக் கொடுத்தார். மலை நிமிர்ந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். அந்த நேரம் பார்த்து லேப்டாப் தானாக அணைந்து, அப்டேட் போட்டுக்கொண்டு, அரைமணி கழித்துக் கண் விழித்தது. விழித்ததும் படத்தைத் தானே ஒழுங்காக நேராக்கிக்கொண்டது. இப்போது டிவி படுத்திருந்ததால் மலை மறுபடியும் படுத்துவிட்டது.

"பாத்தியா, அதுக்கே வெக்கமாப் போச்சு," என்றாள் லூர்தம்மாள்.

டிவி பழைய இடத்துக்குப் போனது. அரிசி டின் சாய்ந்து ஹாலெல்லாம் அரிசி.

மணி பத்தே முக்கால். பிரைட்டன் அனுப்பிய லிங்க் ஜெஸியின் போனில் இருந்தது. ஆனால் நெட்டும் அதே போனிலிருந்துதான் வரவேண்டும் என்பதால், சிக்னலுக்காக அதை ஜன்னல் கம்பியில் துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள்.

"அவிழ்த்து லிங்க் பாத்து டைப் பண்ணட்டுமா டாடி?"

"வேண்டாம், வேண்டாம். அவ்வளவு நீளத்த யாரு தட்டுவா? கோவில் பேரப் போட்டா வந்துட்டுப் போவுது."

போட்டார். வந்தது. லைவ் என்று சிவப்பில் எழுதியிருந்தது. லூர்தம்மாள் ஞானஸ்நானம் எடுத்த கோவில்தான், அதே வளைவு, அதே மணிக்கூண்டு. அவளுக்குக் கண் கலங்கியது. தனசீலன் மார்பை நிமிர்த்தினார். உடனே படம் நின்றது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"குவாலிட்டியக் கொறைக்கணும்," என்று குறைத்தார். சுற்றியது. மேலும் குறைத்தார். இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்ற இடத்தில் படம் ஓடத் தொடங்கியது. முகம் என்று எதுவும் கிடையாது. கட்டம் கட்டமாகச் சில பேர் கோவில் வாசலில் நடமாடினார்கள். லேப்டாப்பின் ஃபேன் போட்ட இரைச்சலில் கொட்டுச் சத்தமும் கேட்கவில்லை.

"அந்தா பிரைட்டன்," என்றார் தனசீலன், ஒரு வழுக்கையைக் காட்டி.

"ஆமா, நடையப் பாத்தாலே தெரியுது. எளைச்சிட்டான் பாவம்."

வெள்ளையாக ஒரு கட்டம் காரிலிருந்து இறங்கியது. அது அனிஷா, பெண். லூர்தம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து பச்சை நிறத்தில், கனத்த உடம்போடு ஒரு கட்டம் முன்னால் வந்தது. கையை உயர்த்தியது. வெள்ளைக் கட்டத்தின் கழுத்தில் எதையோ போட்டது.

சோபாவில் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மாலதான?" என்று மெதுவாகக் கேட்டாள் ஜெபசெல்வி.

"மாலதான்," என்றாள் சந்திரலேகா. "யாரு அது, பச்சச் சேலை?"

"அந்த உடம்பு எனக்குத் தெரியாதா?" என்றாள் லூர்தம்மாள். "பிளாரன்ஸ். அவன் கொழுந்தியா."

"உங்க எடத்துலயா?" என்றாள் ஜெபசெல்வி. "நானா இருந்தா சும்மா விடமாட்டேன் அக்கா. நீங்க தங்கமானவுங்க."

இதற்கு மேல் எந்த மனுஷி சும்மா இருப்பாள். லூர்தம்மாள் தன் போனை எடுத்தாள். முதல் வேலையாகக் குடும்ப குரூப்பிலிருந்து வெளியேறினாள். அடுத்து பிரைட்டனைக் கூப்பிட்டு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. டிவியில் வழுக்கை போனை எடுக்கவேயில்லை. சிரித்துக்கொண்டு யாருக்கோ கைகொடுத்தது.

ஆனால் போனில், "ஹலோ அக்கா," என்றான் பிரைட்டன்.

"எப்படி? அங்க கைலயே போன் இல்லியே," என்றாள் ஜெஸி.

"லைவ் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். டெக்னாலஜி," என்று விளக்கினார் தனசீலன்.

லூர்தம்மாள் ஆரம்பித்தாள். "ஏல பிரைட்டா, நான் செத்தா போயிட்டேன்? ரயில்ல எடம் கெடைக்கலன்னா அத்த உறவும் போயிருமா? அம்மா செத்தப்புறம் உனக்குத் தலை சீவி விட்டு ஸ்கூலுக்கு அனுப்புனது நானா, உன் கொழுந்தியாளா? அந்தப் பிளாரன்ஸ் கையில மாலையக் குடுத்திட்டியேல. சத்தியம் பண்ண வாயிதானல அது? இனிமே உன் வாசல மிதிக்கமாட்டேன். நான் செத்தாலும் நீ வராத."

அழுகை வந்ததால் நிறுத்தினாள். அவளுக்கு உண்மையாகவே வலித்தது. அது தெரிந்து தனசீலன் முதல் முறையாக லேப்டாப்பை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டிக்கெட்டை நேரத்துக்கு எடுத்திருக்கலாம் என்று அவருக்கும் ஒரு நிமிடம் தோன்றியது.

போனில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பிரைட்டன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்:

"மன்னிச்சிரு அக்கா, வீட்டுக்காரி நெருக்குதா, நான் என்ன செய்ய... ஆனா கோவில்ல முந்தின கல்யாணமே லேட்டாகி இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, நாங்க வீட்டவிட்டே கெளம்பல, மாலைய பிளாரன்ஸ்தான் போடப் போறான்னு அதுக்குள்ள உனக்கு யாருக்கா சொன்னா?"