ஹேமலதாவின் தனி வீடு

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

ஹேமலதா கத்திய கத்தலில் கறிவேப்பிலை மரத்திலிருந்த காகம் பறந்துபோனது. மரத்தடியில் நின்ற பக்கத்து வீட்டு ஆயம்மா அசையவில்லை.

"கொழம்புக்கு நாலு கொத்து ஒடைக்கிறேன். இதுக்கு யாரைக் கேக்கணும்?"

"என்னைக் கேக்கணும்! நான் குடியிருக்கிற வீடு."

"நான் நட்ட மரம்மா இது" என்று இன்னொரு கொத்தையும் ஒடித்துக்கொண்டு போனாள் ஆயம்மா.

பல வருடங்கள் ஹாஸ்டலில், மூன்று பேரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவள் ஹேமலதா. புதுச்சேரிக்கு வேலை மாற்றலானபோது அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான். தனக்கே தனக்கென்று ஒரு வீடு. கருவடிக்குப்பத்தில் அமைந்தது. வீட்டுக்காரர் சக்கரபாணி மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்ததால் எல்லாம் போனிலேயே முடிந்தது. "பச்சை கேட் போட்ட வீடு. சாவி எதிர் வீட்ல இருக்கு" என்றார். போய்க் கேட்டாள், கொடுத்தார்கள். வீடு பிடித்துப்போனது. தெருதான் பிடிக்கவில்லை.

கேட்டுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டாள். ஆயம்மா பின்சுவர் ஏறி வந்தாள். இறங்கும்போது கொடிக்கயிற்றைப் பிடித்ததில், துவைத்த சேலைகள் மொத்தமும் சேற்றில் விழுந்தன. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தாள் ஹேமலதா.

இப்போது ஆயம்மா வாசலில் வந்து மணியடித்தாள். அவள் பின்னால் தட்டுக்கூடையோடு மீன் விற்கும் முத்து.

"சொவுத்துல கண்ணாடி குத்துதுக்கா. வூட்டு உள்ளாறவே மாடிக்குப் போய்க்கிறேன்" என்றான் முத்து.

"என் மொட்டைமாடியில உங்களுக்கு என்ன வேலை?"

"கருவாடு எப்பவும் அங்கதான காயுது!"

வந்த நாளிலிருந்து வீசிய நாற்றத்துக்குச் சாக்கடையைச் சந்தேகப்பட்டுப் பினாயிலாக ஊற்றிக்கொண்டிருந்த ஹேமலதாவுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. மாடியேறிக் கருவாட்டையெல்லாம் வாரித் தெருவில் எறிந்தாள். அதோடு விட்டாளா? ஆள் பிடித்துவந்து கறிவேப்பிலை மரத்தையும் அடியோடு வெட்டச் சொன்னாள்.

தெருவே திரண்டுவிட்டது. எதிர் வீட்டுக் கண்ணகி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பச்ச மரத்த வெட்ட ஒனக்கு எப்புடிம்மா மனசு வந்துச்சு? நீ சாவின்னு வந்து நின்னே, எடுத்துக் குடுத்தேன். யாரு எவருன்னு ஒரு வார்த்த கேட்டனா?"

"கேட்டிருக்கணும்! இந்தத் தெருவுல எவரும் எதையும் கேக்கிறதில்ல. அதுதான் பிரச்சனையே!"

ஆயம்மா வெட்டிய மரத்தருகே உட்கார்ந்தாள். விழுந்து கிடந்த கிளைகளை ஒடித்து ஆளுக்கொரு கொத்தாகக் கொடுத்தாள். கடைசிக் கொத்தை ஹேமலதாவின் வாசற்படியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்ததும் ஹேமலதாவுக்கு ஒரு கணம் என்னவோபோல் இருந்தது. அந்த ஒரு கணத்துக்காகவும் சேர்த்துக் கோபம் வந்தது.

சக்கரபாணி ஊர் திரும்பிவிட்டதாக அவர் மகள் போனில் சொன்னாள். ஆட்டோ பிடித்து உழவர்கரையில் இருக்கும் அவர் வீட்டுக்கே போனாள். "நான் ஹேமலதா" என்று தொடங்கியவள், அவர் வாயைத் திறக்க இடமே கொடுக்கவில்லை. பூட்டு, சுவர், கருவாடு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"மரத்தை... வெட்டிட்டீங்களா?" என்று இழுத்தார் சக்கரபாணி.

"ஆமா சார்! வேற வழி? நான் மட்டும் இல்லேன்னா உங்க வீட்டைத் தெருவே பங்கு போட்டிருக்கும். எனக்கு நீங்க நன்றி சொல்லணும்!"

அவர் திருதிருவென்று விழித்தார். காபியோடு வந்த அவர் மனைவி சுலோசனா, டம்ளரை நீட்டாமல் அப்படியே நின்றாள்.

"இன்னிக்குக் காலையிலகூட நான் போய்ப் பெருக்கிட்டு வந்தேன், கருவடிக்குப்பத்துல எங்க வூடு காலியாத்தானம்மா கெடக்கு... நீ யாரு வூட்டுல இருக்கே?"