ஐஸ் மேல் உட்கார்ந்த கல்மரம்

மே பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். காற்று இல்லை, அரியலூர் வெயில் அதற்குள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தது. உலகத்திலேயே கல்லுக்கு மட்டும் மரியாதை கொடுத்த ஒரே மனிதர் அப்போதுதான் எங்கள் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார்.

ரெட்டிபாளையத்தில் கனமான இயந்திரங்களை நகர்த்தியே காலம் கழித்த கலாசி. வாயைத் திறந்தால் ‘மெதுவா’ என்பார், அதுவே பெயராகிவிட்டது. மனிதர்கள் எல்லோரும் அவருக்கு நீ, வா, போ. கல்லுக்கு மட்டும் ‘ங்க’.

நான் ஓய்வுபெற்ற ஸ்டோர் கண்காணிப்பாளர். புதுப்பித்த கூடத்தில் பதினோரு பெரிய உருப்படிகளை இடம் பார்த்து நிறுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பத்து முடிந்தது. பாக்கி, பெரம்பலூர்ப் பக்கத்து ஓடையில் கிடைத்த கல்மரம், கோடிக்கணக்கான வருஷத்தில் கல்லாகவே மாறிப்போன அடிமரம். ஒன்பது அடி, இரண்டு டன், நடுவில் எட்டு அங்குல விரிசல். உடைந்தால் நானே பொறுப்பு என்று மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கிரேனில் பெல்ட் போட்டுத் தூக்கலாம். ஆனால் மேடையில் இறக்கினால் பெல்ட் கல்லுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். கடப்பாரையால் நெம்பி உருவிவிடலாம் என்றார் கூடத்தைப் புதுப்பித்த இன்ஜினியர்.

“நெம்பினா ரெண்டா வந்துடும்,” என்றார் மெதுவா. என்னைப் பார்த்து, “மீன் கடையில ஆறு பாளம் ஐஸ் வாங்கியாரச் சொல்லு.”

“ஐஸ் எதுக்குய்யா?”

“அவங்க உக்காரணும்ல.”

மேடையில் ஐஸை இடைவெளி விட்டு ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கினார். கல்மரம் அதன்மேல் இறங்கியது. இடைவெளிகள் வழியே பெல்ட்டுகள் சுலபமாக உருவி வந்தன. இனி ஐஸ் உருக உருகக் கல் தானே மேடையில் அமர்ந்துவிடும். நான் நிம்மதியாக மூச்சு விட்டபோது கிழக்கு ஜன்னலில் வெயில் வந்தது. அந்தப் பக்கத்து ஐஸ் வேகமாகக் கரைய, கல் சாயத் தொடங்கியது.

“குடை வெச்சிருக்கியா?”

“இருக்கு.”

“விரிச்சிட்டு அங்க போய் நில்லு.”

நின்றேன். மறுபக்கத்து ஐஸில் அவர் கல்லுப்பைத் தூவி, அதையும் வேகமாக உருக வைத்தார். “மெதுவாங்க, அவசரமே இல்லீங்க,” என்று கல்லிடம் சொன்னார். என்னிடம், “குடைய ஆட்டாத.”

பத்து மணிக்கு மாவட்ட உயர் அதிகாரி பார்வையிட வந்தார். சொட்டும் கல்லையும், கூரைக்குக் கீழே குடை பிடித்த என்னையும் பார்த்தார்.

“உள்ள ஒழுகுதா?”

“இல்ல சார், வெயில்,” என்றேன்.

மெதுவா அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். “அப்படியே நில்லு. நல்லா நெழல் விழுது.”

அதிகாரி ஒன்பது நிமிடம் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி ஐம்பத்திரண்டுக்குக் கல்மரம் சத்தமே இல்லாமல் மேடையில் அமர்ந்தது. விரிசலை மூன்று தடவை அளந்தேன். எட்டு அங்குலம்தான்.

தணிக்கையில், கல்லுக்கு ஐஸ் எதற்கு என்று கேட்டார்கள். நான்கு பக்கம் விளக்கம் எழுதினேன், ஏற்கவில்லை. அந்தச் செலவை மெதுவாவின் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. அவரிடம் காட்டவில்லை. மறுநாள் நானே போய்க் கட்டினேன். ஐஸ், உப்பு, ஆட்டோ சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.