அக்கா கொடுத்த அம்மை

மேன்மை பொருந்திய மூத்த அக்கா லூபே அவர்களுக்கு,

வவாவுத் தீவிலிருந்து தம்பி லிசியாதே, தங்கள் பாயின் ஓரத்தைக்கூட மிதிக்காமல் தள்ளி நின்று எழுதுவது. அங்கே தேவாலயமும் கிழங்குத் தோட்டமும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்கட்டும். இங்கே நலமில்லை. அதற்காகத் தாங்கள் கப்பலேறி வரவேண்டாம்.

முதலில் இடது விலாவில் நெருப்பு வைத்தாற்போல எரிந்தது. கொப்புளம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு ஃபீனாவு வந்து பார்த்து, "இது உங்க அம்மா கல்லறை சமாச்சாரம்டா. பலாமர வேரு அவங்க எலும்புல குத்துது, உனக்கு வலிக்குது" என்றான். "அக்காகிட்ட கேக்காம அம்மா மேல கை வைக்கக் கூடாது" என்று நான் கத்துவதற்குள் மண்வெட்டியோடு போய்விட்டான். கவலை வேண்டாம், அம்மா பத்திரம். எல்லாக் கல்லறை மேடும் ஒரே மணல், ஒரே சிப்பி. அவசரத்தில் தன் சித்தப்பாவைத் தோண்டிவிட்டான். அங்கே நிஜமாகவே ஒரு வேர் இருந்ததாம், வெட்டினானாம். அன்றிலிருந்து ஃபீனாவின் நெடுநாள் இடுப்புவலி போயே போய்விட்டது. எனக்குத்தான் விலாவைச் சுற்றிக் கச்சை கட்டினாற்போலக் கொப்புளம் கிளம்பியது.

நர்ஸ் செலா வந்தாள். "மாமா, இது அக்கி. சின்ன வயசுல அம்மை வந்துச்சுல்ல? அந்தக் கிருமி போகவே இல்ல. முதுகெலும்பு பக்கத்துல நரம்பு செல்லுக்குள்ள பூந்து சத்தமில்லாம படுத்துக்கிச்சு. உடம்போட காவல் அசந்ததும் எந்திரிச்சு, அந்தச் செல்லையே வேலை வாங்கி, தன்னை மாதிரியே கூட்டம் கூட்டமா செய்ய வச்சு, நரம்பு வழியா தோலுக்கு வந்திருச்சு."

"இத்தனை வருஷமா உள்ள ஒருத்தன் இருந்தானா? நான் தனியா கெடக்கேன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்!" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்த அம்மை தாங்கள் கொடுத்தது. அப்போது நமக்கு ஒரே பாய். தாங்கள் கடித்த கரும்பின் மிச்சம் எனக்கு. பிறகு எனக்கு மீசை அரும்ப, வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே அறையில் இருக்கக் கூடாதென்ற நம் வழக்கப்படி பையன்கள் குடிசைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் தாங்கள் இருக்கும் அறையில் நான் நுழைந்ததில்லை. அம்மா இறந்தபோதும் தாங்கள் தலைமாட்டில், நான் வெளியே அடுப்படியில். இப்போது மனைவி மணலுக்குள். பிள்ளைகள் ஆக்லாந்தில், "டாக்டரப் பாருங்கப்பா" என்பதற்குள் போன் அறுந்துவிடும். கடைசிவரை கூடவே இருந்தது தாங்கள் கொடுத்த கிருமி மட்டும்தான் அக்கா.

ஆனாலும் வரவேண்டாம். என் வீடு ஒற்றை அறை. தாங்கள் உள்ளே வந்தால் நோயாளி நான் மரத்தடியில் மழையில் படுக்கவேண்டும். ஊர் சிரிக்கும்.

அத்தையின் ஆசி என் பிள்ளைகள் மேல் என்றும் இருக்கட்டும்.

தாழ்மையுள்ள தம்பி,
லிசியாதே

பி.கு: செலாவிடம் கேட்டுவிட்டேன். ஏற்கெனவே அம்மை கண்டவளுக்கு என்னிடமிருந்து தொற்றாதாம். உன் முதுகிலும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்குமாம். இடுப்புவலி போன நன்றிக்கு ஃபீனாவு அறையின் நடுவே பலகைத் தடுப்பு அடித்துக் கொடுத்தான். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வழக்கம் கெடாது. அடுத்த கப்பலிலேயே வா அக்கா. பலகை கூரைவரை எட்டவில்லை. கரும்பு கொண்டு வந்தால், கடித்துவிட்டு மிச்சத்தை மேலே எறி.